பாய்வள்ளப் போட்டிகளும் கடல்நீரின் தூய்மையும்

'றெகற்றா' என்ற சொல் வெனிசு நகரத்து மக்களின் பேச்சு வழக்கிலிருந்து ஏனைய ஐரோப்பிய மொழிகளுட் புகுந்ததாகும். அந்நகரத்துக் கால்வாய்களிற் படகோட்டிகள் தம்முள் நிகழ்த்திய போட்டியையே அது முதலிற் குறித்தது. அப்படகுகள் துடுப்பினால் வலிக்கப்பட்டவை. பாய் விரித்த கலங்களை ஒன்றையொன்று முந்துவதற்கென்றே நீரில் இறக்கும் வழக்கமோ, பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேய அரச குடும்பத்தினர் கற்றுக்கொண்ட பொழுதுபோக்காகத் தொடங்கிற்று. இரண்டாம் சாள்சு அரசுரிமையை மீளப்பெற்ற 1660ஆம் ஆண்டில் அம்ஸ்ரடாம் நகரத்தார் அவனுக்கு 'மேரி' என்னும் சிறு பாய்க்கலத்தைப் பரிசளித்தனர். மறு ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அரசனும் அவன் தம்பியாகிய யோர்க் கோமகனும் நூறு பவுண் பந்தயம் வைத்து, கிறீனிச்சிலிருந்து கிறேவ்சென்ட் வரை தேம்சு நதியில் ஓடி மீண்டனர். போகும்போது அரசன் தோற்றான், திரும்பும்போது வென்றான். யோன் ஈவ்லின் தம் நாட்குறிப்பில் இச்செய்தியைப் பதிந்துள்ளார். இவ்விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இந்நிகழ்ச்சியையே தொடக்கமாகக் கொள்வர்.

அரசர்தம் பொழுதுபோக்கு, 1815இல் இலண்டனில் நிறுவப்பெற்றுப் பின்னர் றோயல் யொட் ஸ்குவாட்றன் எனப் பெயர்பெற்ற கழகத்தின் வழியாகவும், 1826இல் வைற்றுத் தீவின் கவுசுத் துறையில் தொடங்கிய போட்டிகளின் வழியாகவும் செல்வர்தம் விளையாட்டாக நிலைபெற்றது. 1900ஆம் ஆண்டு முதல், 1904 நீங்கலாக, ஒலிம்பிக் விழாக்களிலும் அது இடம்பெற்று வந்துள்ளது. காற்றையன்றி வேறோர் ஆற்றலையும் வேண்டாதது, ஆகவே கடலுக்குக் கேடு செய்யாதது என்ற நற்பெயரும் அதற்கு நெடுங்காலம் இருந்தது. அப்பெயர் எவ்வளவு பொருந்தும் என்பதும், நீரைத் தூயதாக வைத்திருக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் எங்குப் பயன்தந்தன, எங்குப் பொய்த்தன என்பதும் வரலாற்று மாணவர் ஆராய்தற்குரிய வினாக்களாம். போட்டி நடக்கும் அதே நீரிலேதான் சிப்பி வளர்ப்பவனும் மீன் பிடிப்பவனும் பிழைக்கின்றனர். போட்டிக்கு வந்தவன் இரு வாரத்திற் சென்றுவிடுவான். இவர்களுக்குப் போக வேறிடமில்லை.

முதலிற் கலத்தை நோக்குதல் தகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் போட்டிக்கலம் மரத்தாலானது. அதன் பாய் ஆளிநாராலோ பருத்தியாலோ நெய்யப்பட்டது. 1851 ஓகத்து 22ஆம் நாள் வைற்றுத் தீவைச் சுற்றி நடந்த போட்டியில் 'அமெரிக்கா' என்னும் கலம் ஆங்கிலக் கலங்களை வென்றமைக்கு, பொறியால் நெருங்க நெய்யப்பட்ட அதன் பருத்திப் பாய் காற்றிலே தொய்யாது நின்றமையும் ஒரு காரணம் என்பர். மரமும் பருத்தியும் பழுதடைந்தால் உக்கி மண்ணோடு மண்ணாகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்நிலை மாறிற்று. 1941இல் இங்கிலாந்தில் வின்பீல்ட், டிக்சன் என்னும் இரு இரசாயனவியலாளர் கண்டுபிடித்த பொலியெசுத்தர் நார் 1950களிற் பாய்த்துணியாயிற்று. அதே காலத்தில் மரத்தின் இடத்தைக் கண்ணாடிநாரும் பிசினும் பிடித்தன. தச்சன் நெடுநாள் இருந்து கட்டவேண்டிய வள்ளத்தை அச்சில் வார்த்து விரைவாகவும் மலிவாகவும் பெற முடிந்தது. செல்வரின் விளையாட்டு நடுத்தர வகுப்பினரின் கைக்கு எட்டியது இதனாலேயே. அவ்வகையில் இம்மாற்றத்தைக் குறைகூறுதற்கில்லை. ஆயின், உக்காத பொருளாற் செய்த வள்ளம் முதுமையடைந்தால் அதனை என்செய்வது என்ற வினாவை அன்று எழுப்பியவர் அரியர். பழைய உல்லாச வள்ளங்களைப் பிரித்தழிக்கும் செலவுக்கெனப் புதிய வள்ளங்களை விற்போரிடம் கட்டணம் பெறும் தேசிய ஏற்பாடொன்றைப் பிரான்சு 2019இலேயே தொடங்கிற்று. வார்ப்பு வள்ளங்கள் கடலுக்கு வந்து அதற்குள் இரு தலைமுறைகள் கழிந்திருந்தன.

கலம் செய்யப்பட்ட பொருளைவிடக் கடலுக்கு நேரடியாகத் தீங்கு செய்தது அதன் அடிப்பூச்சாகும். நீரில் நிற்கும் எக்கலத்தின் அடியிலும் பாசியும் கொட்டலசும் பற்றும். பற்றினால் வேகம் குறையும். போட்டிக்கலத்துக்கு இதனினும் பெரும்பகை இல்லை. ஆங்கிலக் கடற்படை 1761இல் 'அலாம்' என்னும் போர்க்கலத்தின் அடியைச் செப்புத்தகட்டால் மூடிப் பார்த்தது. மரந்துளைக்கும் புழுவைத் தடுக்கவென அடித்த தகடு பாசியையும் தடுத்தது. செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து, ஒட்டவரும் உயிர்களுக்கு நஞ்சானமையே காரணம். பின்வந்த செப்புப் பூச்சுக்களும் அவ்வாறே வேலை செய்தன. நஞ்சை எவ்வளவு மெல்லக் கரையவிடுவது என்னும் நுட்பத்தின் வரலாறே அடிப்பூச்சின் வரலாறு எனலாம்.

1960களில் இப்பூச்சுக்களிற் புதியதொரு நஞ்சு சேர்ந்தது. ரிபியூற்றைல்ரின், சுருக்கமாக ரி. பி. ரி., எனப்படும் சேதன வெள்ளீயச் சேர்வையே அது. செம்பினும் வலியது, நெடுநாள் வேலை செய்வது. வள்ளத்தைக் கரையேற்றிச் சுரண்டிப் பூசும் தொல்லை குறையும் என்பதனால் 1970களில் உல்லாச வள்ளக்காரரும் போட்டிக்காரரும் அதனை விரும்பி வாங்கினர்.

தென்மேற்குப் பிரான்சில் போர்தோ நகருக்கு அண்மையில் அர்காசோன் என்னும் ஆழங்குறைந்த கடனீரேரி உண்டு. ஒடுங்கிய வாயினால் அத்திலாந்திக்கோடு தொடர்புற்ற அவ்வேரியிற் சிப்பி வளர்ப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலாகவே பெருந்தொழில். பிரான்சின் ஏனைய கரைகளிலுள்ள வளர்ப்பாளருக்கும் குஞ்சுச் சிப்பிகளை அளித்தது அவ்வேரியே. கோடையில் ஆயிரக்கணக்கான உல்லாச வள்ளங்களும் அங்கு வந்து தங்கும். 1970களின் தொடக்கத்தில் அங்கிருந்த போர்த்துக்கேயச் சிப்பியினம் நோயால் அழிந்தபோது, வளர்ப்பாளர் யப்பானியச் சிப்பியினத்தைக் கொணர்ந்து ஒருவாறு மீண்டனர். 1977 முதலாக வேறொரு கேடு தொடங்கியது. முட்டையிலிருந்து வெளிவந்த குடம்பிகள் சில நாட்களுள் இறந்தன. புதிய குஞ்சுகள் ஒட்டவில்லை. உயிர் தப்பிய சிப்பிகளின் ஓடு படைபடையாகத் தடித்துப் பந்துபோற் பருத்தது. உள்ளிருந்த இறைச்சியோ சிறுத்தது. அத்தகைய சிப்பியைச் சந்தையில் எவர் வாங்குவர்? ஆண்டுக்கு 10,000 தொன்னுக்குக் குறையாதிருந்த விளைச்சல் 1981இல் ஏறத்தாழ 3,000 தொன்னாக வீழ்ந்தது. குடும்பம் குடும்பமாகத் தொழில் செய்தோர் தலைமுறைத் தொழிலை இழக்கும் நிலைக்கு வந்தனர்.

குளோட் அல்சியூ முதலிய பிரெஞ்சுக் கடல்வள ஆய்வாளர் காரணத்தைத் தேடினர். வள்ளங்கள் நெருங்கி நின்ற துறைகளின் அருகே கேடு மிகுந்தும், விலகிச் செல்லுந்தோறும் குறைந்தும் காணப்பட்டது. வெள்ளீயப் பூச்சுப் பூசிய பலகைகளோடு ஒரே தொட்டியில் இட்டு வளர்த்த சிப்பிகளின் ஓடும் அவ்வாறே திரிந்தது. ஆய்வுக்கூடத்துச் சான்றும் சிப்பி வளர்ப்போரின் குரலும் ஒன்றுசேர்ந்தன. 1982 சனவரியில் பிரெஞ்சு அரசு 25 மீற்றருக்குக் குறைந்த நீளமுடைய வள்ளங்களில் இப்பூச்சைத் தடைசெய்தது. அவ்வாண்டுக் கோடையிலேயே குஞ்சுகள் மீண்டும் ஒட்டலாயின. ஓட்டின் திரிபு நீங்கவே சில ஆண்டுகள் சென்றன.

ஆங்கிலக் கால்வாயின் மறுகரையிலும் நிலைமை வேறன்று. எசெக்ஸ் மாவட்டத்துக் குறவுச் கழிமுகத்தில் அமைந்த பேர்ணம் என்னும் ஊர், சிப்பிக்கும் பாய்வள்ளப் போட்டிக்கும் ஒருங்கே பேர்பெற்றது. பிரித்தானிய அரசின் மீன்வள ஆய்வுக்கூடம் ஒன்றும் அவ்வூரிலேயே இருந்தது. வள்ளங்கள் நிற்கும் கழிமுகங்களில் யப்பானியச் சிப்பி ஏன் வளர்வதில்லை என்பதற்கு அங்குள்ள ஆய்வாளரும் இந்நஞ்சையே காரணமாகக் கண்டனர். பிளிமத்துத் துறையிற் பெண் நத்தைகளுக்கு ஆணுறுப்பு முளைக்கும் விந்தை 1970இலேயே குறிக்கப்பட்டிருந்தது, அதுவும் ரி. பி. ரி.யின் விளைவே என்பது 1980களின் நடுப்பகுதியில் நிறுவப்பட்டது. ஓர் இலீற்றர் நீரில் ஒரு நனோகிராம், அஃதாவது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு, கலந்திருந்தாலே அம்மாற்றம் தொடங்கிவிடும். 1987இற் பிரித்தானியாவும் 1988இல் ஐக்கிய அமெரிக்காவும் சிறு வள்ளங்களில் இந்நஞ்சைத் தடுத்தன.

இத்தடைகளில் 25 மீற்றர் என்ற எல்லை கூர்ந்து நோக்கத்தக்கது. வணிகக் கப்பல்களை அது தீண்டவில்லை. அவற்றையும் உட்படுத்தும் உடன்படிக்கையை அனைத்துலகக் கடல்சார் அமைப்பு 2001இல் ஏற்றுக்கொண்டது. அது நடைமுறைக்கு வந்ததோ 2008 செத்தெம்பரில். அர்காசோன் வளர்ப்பாளர் ஐந்தாண்டுகளிற் பெற்ற பரிகாரம் உலகப் பெருங்கடல்களுக்குக் கிட்ட மேலும் கால் நூற்றாண்டு சென்றது. விளையாட்டு வள்ளங்களைக் கட்டுப்படுத்துதல் எளிது; சரக்குக் கப்பல்களைக் கட்டுப்படுத்துதல் அரிது. அரசுகள் எளியதையே முதலிற் செய்தன.

வெள்ளீயம் நீங்கிய இடத்திற் செம்பு திரும்பி வந்தது. கலிபோர்னியாவின் சன் டியேகோ நகரிலுள்ள ஷெல்ரர் தீவு வள்ளத்துறையில் கரைந்த செம்பு மிகுந்தமையால், அதனைப் பெருமளவு குறைத்தாக வேண்டுமென அப்பகுதி நீர்த்தரச் சபை 2005இற் கட்டளையிட்டது. அச்செம்பின் பெரும்பகுதி அங்குக் கட்டிக்கிடக்கும் உல்லாச வள்ளங்களின் அடியிலிருந்தே வருவது. ஒலிம்பிக்கில் ஓடும் சிறு பாய்வள்ளங்களுக்கோ இப்பூச்சே வேண்டா. ஓட்டம் முடிந்ததும் அவை கரையேற்றப்படுகின்றன. பூச்சின் தேவை போட்டியினால் எழுவதிலும் பார்க்க, ஆண்டு முழுவதும் வள்ளத்தை நீரிலே கட்டிவைத்துச் சில நாள் மட்டும் ஓட்டும் வழக்கத்தாலேயே மிகுதியாக எழுகின்றது என்பதை மறத்தலாகாது.

போட்டியை நடத்துவோர் தம் பொறுப்பை எழுத்தில் ஏற்றது மிகப் பிந்தியே. போட்டியாளர் குப்பையை வேண்டுமென்றே நீரில் இடலாகாது என்னும் தனிவிதி, 2013ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த பாய்வள்ளப் போட்டி விதித்தொகுதியில் 55ஆம் விதியாக இடம்பெற்றது. 2021இல் அது 47ஆம் விதியாகி, துணைபுரிவோரையும் கட்டுப்படுத்தலாயிற்று. மீறியவருக்குப் போட்டியிலிருந்து நீக்கத்தினும் குறைந்த தண்டனையும் விதிக்கலாம் என்ற சலுகையும் அதிலுண்டு. அமெரிக்காவில் 2004இல் நிறுவப்பெற்ற 'செயிலர்ஸ் போர் த சீ' என்னும் சங்கம், போட்டி நடத்தும் கழகங்கள் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்குகளை வகுத்து, அவற்றைப் பின்பற்றுவோருக்குச் சான்று வழங்கி வந்தது. ஒருமுறை குடித்து எறியும் போத்தலுக்குப் பதிலாக நீர் நிரப்பும் தாங்கி, உணவுக் கழிவைப் பசளையாக்குதல், எண்ணெய் சிந்தாமல் இயந்திர வள்ளத்துக்கு எரிபொருள் இடுதல் போன்றவை அவ்வொழுங்குகளாம். இவை சிறியவை, ஆயினும் செய்யத்தக்கவை.

பாய்வள்ளப் போட்டியில் இயந்திர வள்ளம் எங்கிருந்து வந்தது என்ற ஐயம் எழலாம். பயிற்றுநர், நடுவர், மீட்புப் பணியாளர், படமெடுப்போர் ஆகிய அனைவரும் பெற்றோல் வள்ளங்களிலேயே செல்கின்றனர். கலம் விரைவாக ஓடினால் அதனைப் பின்தொடரும் வள்ளம் அதனிலும் விரைதல் வேண்டும். நீருக்கு மேலெழுந்து பறக்கும் இக்கால அமெரிக்கக் கிண்ணக் கலங்களைப் பின்தொடர வேண்டிய இயந்திரத்தின் வலுவை எண்ணிப்பார்த்தால் காற்றின் விளையாட்டு என்ற பெயர் சற்றுத் தேய்ந்து தோன்றும். 2024இற் பார்சலோனாவில் நடைபெற்ற 37ஆவது அமெரிக்கக் கிண்ணப் போட்டிக்கு ஐதரசனால் இயங்கும் துணைவள்ளங்கள் கொண்டுவரப்பட்டமை இதற்கொரு விடை தேடும் முயற்சியாகும்.

மத்தியதரைக் கடலில் வேறொரு சிக்கல் உண்டு. அங்குள்ள பொசிடோனியா என்னும் கடற்புல் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றரே படர்வது. ஒரு நங்கூரம் உழுத தடம் மூடப் பல பத்தாண்டுகள் செல்லும். பலேயாரிக் தீவுகளின் அரசு 2018இல் இப்புற்றரைகளின் மேல் நங்கூரமிடுதலைத் தடுத்தது. பிரான்சும் 2019இற் பெருங்கலங்களுக்கு அவ்வாறே விதித்தது. போட்டியின் திருப்பக் குறிகளாக மிதக்கும் போயாக்களையும் நங்கூரமின்றி, செய்மதியின் உதவியால் ஓரிடத்திலேயே நிலைநிறுத்தும் முறை பரவி வருகின்றது.

உலகைச் சுற்றும் நெடும்போட்டிகள் மற்றொரு வகையிலும் பயன்பட்டன. 2017-18இல் நடைபெற்ற வொல்வோ பெருங்கடற் போட்டியிற் சில கலங்கள் நீரை உறிஞ்சி வடிகட்டும் கருவிகளைச் சுமந்து சென்றன. வணிகக் கப்பல்களோ ஆய்வுக் கப்பல்களோ அரிதிற் செல்லும் தென்கடலில், கரைகள் யாவற்றிலிருந்தும் மிகத் தொலைவான நேமோ முனையின் அருகே, ஒரு கனமீற்றர் நீரில் 9 முதல் 26 வரை நுண்பிளாத்திக்குத் துணிக்கைகள் காணப்பட்டன. மாதிரிகளை ஆராய்ந்தது கீல் நகரத்துக் கடலாய்வு நிறுவனம். 1972இல் மியூனிச் ஒலிம்பிக்கின் பாய்வள்ளப் போட்டிகள் நடந்ததும் அந்தக் கீல் நகரிலேதான்.

இதுவரை கூறியவை வள்ளம் கடலுக்குச் செய்தவை. நிலம் கடலுக்குச் செய்வதும், அதனைப் போட்டியின் பெயரால் மறைக்கவோ மாற்றவோ முயல்வதும் இவ்வரலாற்றின் கடினமான பகுதியாகும்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் பாய்வள்ளப் போட்டிகள் மஞ்சட் கடற்கரையிலுள்ள சிங்தாவ் நகரிற் குறிக்கப்பட்டிருந்தன. அவ்வாண்டு யூன் மாதத்தில் அந்நகரின் கடல் பசும்புல் வெளிபோல் மாறிற்று. அல்வா என்னும் பச்சை அல்கா போட்டிக்குரிய நீரின் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை மூடியது. பயிற்சிக்கு வந்திருந்த வள்ளங்கள் அதிற் சிக்கி நின்றன. சீன அரசு படையினரும் தொண்டருமாகப் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோரையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படகுகளையும் இறக்கி, பத்து இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட அல்காவை அள்ளிக் கரையேற்றியது. மீண்டும் வராதபடி மிதக்கும் தடுப்பும் இட்டது. ஓகத்துப் போட்டிகள் குறித்த நாளில் நடைபெற்றன. உலகம் வியந்தது, வியப்பதற்கும் அதில் இடமிருந்தது.

அல்கா எங்கிருந்து வந்தது என்பதைச் செய்மதிப் படங்கள் பின்னர் காட்டின. தெற்கே 200 கிலோமீற்றருக்கும் அப்பால், சியாங்சு மாகாணத்துச் சேற்றுக்கடலில் நோரி என்னும் உணவுக் கடற்பாசி மூங்கிற் கழிகளிற் கட்டிய வலைகளில் வளர்க்கப்படுகின்றது. அவ்வலைகளிலும் கயிறுகளிலும் வேண்டாத பச்சை அல்காவும் பற்றும். அறுவடை முடிந்து வசந்தத்தில் அவற்றைக் கழற்றும்போது சுரண்டி எறியப்படும் பச்சை அல்காவை அலை ஏந்திச் செல்லும். வயல்களிலிருந்து வடியும் பசளையால் வளமூட்டப்பட்ட நீரில் அது பெருகும். தென்காற்று அதனை வடக்கே தள்ளும். 2007இற் சிறிதாகத் தோன்றிய இப்பச்சைப் பெருக்கு 2008க்குப் பின்னரும் ஆண்டுதோறும் வந்தது. 2021இல் முன்னெப்போதும் காணாத பரப்பை மூடியது. ஒரு மாத உழைப்பாற் போட்டி காப்பாற்றப்பட்டது; கடல் அப்படியே இருந்தது. நோரி வளர்த்துப் பிழைக்கும் கரையோர மக்களையோ, பசளையின்றி விளைச்சல் காணாத உழவரையோ படையினரை அனுப்பி மாற்றுதல் இயலாது என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

றியோ டி ஜெனெய்ரோவின் கதை இதனினும் நீண்டது. 1502 சனவரியில் அங்கு வந்த போர்த்துக்கேயர் குவனபாரா விரிகுடாவின் வாயை ஆற்றுமுகம் என மயங்கி 'சனவரி ஆறு' எனப் பெயரிட்டனர் என்பது மரபு. வாய் ஒடுங்கியும் உள் அகன்றும் உள்ள அவ்விரிகுடாவின் பரப்பு ஏறத்தாழ 380 சதுர கிலோமீற்றர். இருபதாம் நூற்றாண்டிற் சுற்றுப்புறம் பெருநகராய்ப் பெருகி, 80 இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்களின் கழிவைத் தாங்க வேண்டியதாயிற்று. குன்றுகளில் ஏறிய பவேலாக் குடியிருப்புக்களுக்கும் வடக்கே பரந்த தொழிலாளர் ஊர்களுக்கும் கழிவுநீர்க் குழாய்கள் இடப்படவில்லை. அவர்தம் கழிவு ஓடைகளிலும், ஓடைகள் ஆறுகளிலும், ஆறுகள் விரிகுடாவிலும் கலந்தன. துறைமுகமும் எண்ணெய் சுத்திகரிப்பு நிலையமும் தம் பங்கைச் சேர்த்தன. 2000 சனவரி 18ஆம் நாள் பெற்றோபிராஸ் நிறுவனத்தின் குழாயொன்று வெடித்து 13 இலட்சம் இலீற்றர் எண்ணெய் விரிகுடாவிற் பரவியது. வடகரை அலையாத்திக் காடுகள் கறுத்தன. நண்டு பிடித்தும் வலை வீசியும் வாழ்ந்தோரின் நட்டஈட்டு வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது.

விரிகுடாவைத் தூய்மைசெய்யும் எண்ணம் ஒலிம்பிக்கோடு பிறந்ததன்று. 1992 யூன் மாதத்தில் ஐக்கிய நாடுகளின் புவி மாநாடு அந்நகரிற் கூடியதன் பின்னர், அமெரிக்க நாடுகளிடை அபிவிருத்தி வங்கியினதும் யப்பானினதும் கடனுதவியோடு பெருந்திட்டமொன்று வகுக்கப்பட்டு 1995இல் வேலை தொடங்கியது. சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன; திறப்புவிழாக்களும் நடந்தன. ஆயின் வீடுகளிலிருந்து அந்நிலையங்களுக்குக் கழிவைக் கொண்டுசெல்ல வேண்டிய குழாய்கள் பல இடங்களில் இடப்படவேயில்லை. நிலையங்கள் தம் கொள்ளளவிற் சிறுபகுதிக்கே வேலையின்றி நின்றன. பக்கத்திலேயே ஆறுகள் கறுப்பாய் ஓடின. நிலையம் கண்ணுக்குத் தெரியும், படம் எடுக்கலாம். நிலத்தடியிற் புதையும் குழாயை எவரும் படம் எடுப்பதில்லை. மேலும், குழாய் இடுதற்குத் தெருக்களைக் கிண்ட வேண்டும். உரிமைப் பத்திரமில்லாக் குடியிருப்புக்களை நகரத்தின் பகுதியென ஏற்க வேண்டும். திட்டம் பொய்த்ததற்கு ஊழலையும் திறமையின்மையையும் காரணங்காட்டுவோர் இவ்விரண்டாவது தடையைப் போதிய அளவு எடுத்துரைப்பதில்லை.

2009 ஒக்டோபர் 2ஆம் நாள் கொப்பன்கேகனில் 2016ஆம் ஆண்டு விழா றியோவுக்கு வழங்கப்பட்டது. விரிகுடாவிற் சேரும் கழிவுநீரில் 80 வீதத்தை அவ்வாண்டிற்குள் சுத்திகரிப்பதாக விண்ணப்பத்தில் வாக்களிக்கப்பட்டிருந்தது. பதினேழு ஆண்டுகளாகச் செய்ய முடியாதுபோனதை ஏழு ஆண்டுகளிற் செய்து முடிக்கும் வாக்குறுதி அது. 2015இல் அதிகாரிகளே அவ்வெல்லையை எட்ட முடியாதென ஒப்புக்கொண்டனர். அவ்வாண்டு யூலையில் அசோசியேட்டட் பிரெஸ் செய்தித் தாபனம், பிரேசில் நாட்டு வைரசு ஆய்வாளரொருவரைக் கொண்டு போட்டி நீரைச் சோதித்து, மனித மலத்திலிருந்து வரும் வைரசுக்கள் செறிந்திருப்பதை வெளியிட்டது. அரசு அளந்தது பற்றீரியாவை மட்டுமே. வைரசு அக்கணக்கில் வரவில்லை. ஓகத்து மாதப் பரீட்சார்த்தப் போட்டியின் பின்னர் ஜெர்மானிய வீரர் ஒருவர் காலிலும் இடுப்பிலும் கிருமித்தொற்றுக்கு மருத்துவம் செய்துகொண்டார்.

இந்நிலையில் வேலையின் நோக்கமே சுருங்கிற்று. விரிகுடாவைத் தூய்மைசெய்தல் என்பது போட்டித் தடங்களைத் தூய்மைசெய்தல் என்றாயிற்று. ஆற்றுவாய்களில் மிதக்கும் தடுப்புக்கள் இடப்பட்டன. குப்பை அள்ளும் சிறு படகுகள் நாள்தோறும் ஓடின. வள்ளங்கள் இறங்கும் குளோரியா வள்ளத்துறையில் விழுந்த கழிவுநீரை வழிமறித்துத் திருப்பும் குழாய் 2016இல் முடிக்கப்பட்டது. அக்குழாய் உண்மையான பயன் தந்தது. விழா முடிந்தும் நிலைப்பது. தடங்களுட் சில விரிகுடாவுக்கு வெளியே திறந்த கடலில் அமைந்தன. ஓகத்து அங்கு மழை குறைந்த மாதமாதலால் ஆறுகள் அடித்துவரும் குப்பையும் குறைந்தது. அஞ்சிய அளவுக்குத் தீங்கின்றிப் போட்டிகள் நடந்தேறின.

ஓகத்து 18ஆம் நாள் சர்க்கரைக் குன்றின் அடியில் நடந்த இறுதி ஓட்டத்தில் மார்ட்டினே கிறாயெல், கஹேனா குன்ஸ் என்னும் பிரேசில் வீராங்கனையர் இருவர் தங்கம் வென்றனர். கிறாயெல் குடும்பத்தார் விரிகுடாவின் கீழ்க்கரையிலுள்ள நித்தெறோய் நகரினர். மார்ட்டினேயின் தந்தை தோர்பென் இருமுறை ஒலிம்பிக் தங்கம் பெற்றவர். அவரும் அவர் தம்பி லார்சும் 1998இல் அந்நகரத்து அரச பள்ளிக்கூட மாணவருக்குப் பாய்வள்ளம் ஓட்டவும் வள்ளம் திருத்தவும் கற்பிக்கும் நிலையமொன்றைத் தொடங்கினர். அவர்தம் தமையனாரான அக்செல், சூழல் காக்கும் பணியில் நெடுங்காலம் ஈடுபட்டுப் பின் 2021 முதல் 2024 வரை அந்நகரின் மேயராக இருந்தார். விழாவுக்கு வந்து சென்றோரை விட, அவ்விரிகுடாவிலேயே வள்ளம் ஓட்டி வளர்ந்த இத்தகையோரின் குரலே அதன் தூய்மைக்காக முன்னும் பின்னும் தொடர்ந்து ஒலித்தது. அர்காசோனில் ஒலித்ததும் அத்தகைய உள்ளூர்க் குரலே. எனினும் இரண்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அர்காசோனிற் கேட்கப்பட்டது ஒரு பூச்சை நிறுத்துவது. ஒரு கட்டளை போதியதாயிற்று. குவனபாராவில் வேண்டியதோ இலட்சக்கணக்கான வீடுகளுக்கு மலசலகூடக் குழாய்.

பிரேசில் 2020 யூலையில் நிறைவேற்றிய புதிய சுகாதாரச் சட்டம், 2033ஆம் ஆண்டின் முடிவுக்குள் நாட்டு மக்களில் 90 வீதத்தினருக்குக் கழிவுநீர் வசதி கிட்டுதல் வேண்டும் என விதித்தது. 2021 ஏப்ரலில் றியோ மாநில அரசு, குடிநீர் வழங்கலையும் கழிவுநீர்ப் பணியையும் ஏலத்தில் விட்டுத் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. வீடு வீடாகக் குழாய் இடும் வரை காத்திராது, ஓடைகளும் வடிகால்களும் விரிகுடாவில் விழுமிடங்களிலேயே கழிவை மறித்துச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் திருப்பும் பெருங்குழாய்களை முதலில் அமைத்தல் அவ்வொப்பந்தத்தின் ஒரு பகுதி. 'வறட்கால வாங்கிகள்' என்பது அவற்றுக்கு அங்கு வழங்கும் பெயர். மழையில்லா நாட்களில் அவை கழிவை ஏந்திக்கொள்ளும். பெருமழை பெய்தால் நிரம்பி வழியும், வழிவது விரிகுடாவையே சேரும்.